கோது கழற்றிய மருந்து

பிஸ்கற் ஒன்றை வாயில் வைப்பதற்கு முன் அது வந்த பெட்டியை அவர் வாசித்து முடிப்பார். நெற்றியில் ஏறியிருக்கும் கண்ணாடியைக் கீழே இறக்கி, பெட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பி, எறும்பு ஊர்ந்தது போல் இருக்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போவார். முட்டை இல்லை, மாட்டுக் கொழுப்பு இல்லை என்று நிச்சயமான பிறகுதான் கை பிஸ்கற்றுக்குப் போகும். அதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். ஆறின தேத்தண்ணியைக் குடித்தே பழகியவர் அவர்.

“உதுக்குள்ளை என்ன கிடக்கு?” என்பதுதான் அவர் அதிகம் கேட்ட கேள்வி. கலியாண வீட்டில் கேக் கொடுத்தாலும் கேட்பார். பிறந்தநாளுக்கு ஜெலி கொடுத்தாலும் கேட்பார். கோயில் திருவிழாவில் சர்பத் கொடுத்த பொடியனிடம், “தம்பி, இந்தச் சிவப்பு என்னத்திலை எடுத்தது? சில சிவப்பு பூச்சியிலை எடுக்கிறதாம்” என்று சொல்லி, வரிசையில் பின்னால் நின்ற பத்துப் பேரின் தாகத்தையும் கெடுத்தார்.

சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவருக்கு அவரைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

“அண்ணை, கிணத்துத் தண்ணியையும் கழட்டிப் பாத்திட்டோ குடிக்கிறியள்?”

“கழட்ட ஏலுமெண்டால் கழட்டிப் பாப்பன். எண்ணெய் கலந்த சுன்னாகத்துத் தண்ணியை நம்பேலுமே?”

“அப்ப மனிசி வைக்கிற குழம்பு?”

“அதைக் கழட்டினால் என்னை வீட்டாலை கழட்டி விட்டிடுவா.”

கடையில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். வடையைப் பிய்த்து உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் ஒழுங்கையில் நான்காவது வீடு அவருடையது. தண்ணீர் இறைக்கும் பம்ப் மோட்டர் திருத்துவது தொழில். வெங்காயத் தோட்டக்காரரும் புகையிலைத் தோட்டக்காரரும் விடியவே வந்து வாசல் படலையில் நிற்பார்கள். எல்லாரும் அவரைப் பம்காரர் என்றுதான் சொன்னார்கள். அவருடைய முழுப் பெயரை நான் மரண அறிவித்தல் ஒட்டிய அன்றுதான் வாசித்தேன். அதனால் அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஒருமுறை ஒரு தோட்டக்காரர் அவசரப்படுத்தினார். “அண்ணை, வயர் ஒண்டு விட்டிருக்கும், அதைப் பூட்டி விடுங்கோ. வெங்காயம் வாடுது.” இவர் அசையவில்லை. “உள்ளுக்குப் பாக்காமல் நான் கை வைக்கிறேல்லை.” ஒரு மணித்தியாலம் இருந்து முழுதையும் கழற்றினார். வயரில் ஒன்றும் இல்லை. தண்ணீர் உறிஞ்சும் வாயில் ரொபி மிட்டாய் சுற்றிய கடதாசி ஒன்று ஒட்டியிருந்தது. அதைக் கழுவித் துடைத்துத் தோட்டக்காரரின் உள்ளங்கையில் வைத்தார். “வயரைப் பூட்டியிருந்தால் மோட்டர் எரிஞ்சிருக்கும்” என்றார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை வேறு எப்போதும் நான் கண்டதில்லை.

எனக்கு ஆட்களோடு கதைக்கக் கூச்சம். சாதாரண தரம் வரை படித்துவிட்டுச் சுன்னாகத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். தட்டுத் துடைப்பது, பெட்டிகளை அடுக்குவது, கடதாசி உறைகளில் வேளை எழுதுவது என் வேலை. மருந்து கொடுப்பது மிஸ். அவர் அதற்கென்று படித்த இளம் பிள்ளை. வாடிக்கையாளர் என்னிடம் ஏதும் கேட்டால் “மிஸ்ஸைக் கேளுங்கோ” என்று சொல்லித் தப்பிவிடுவேன். பம்காரர் மட்டும் மிஸ்ஸைக் கேட்க மாட்டார். படித்த பிள்ளை தன்னைப் பைத்தியம் என்று நினைக்கும் என்று அவருக்குப் பயம். ஒழுங்கைக்காரி என்பதால் எதையும் என்னிடம்தான் கேட்பார்.

கிணற்றுக்குள் குனிந்து குனிந்து அவருக்கு நாரி, அதுதான் இடுப்பு, போய்விட்டது. நாரி நோவுக்குக் குளிசை போடுவார். விடிய வெறுவயிற்றில் ஒன்று, மத்தியானம் ஒன்று. பல வருசமாக அப்படி. பிறகு நெஞ்சு எரிகிறது, வயிறு கடிக்கிறது என்று தொடங்கியது. காஸ்ரிக் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் வாய்க்குள்ளால் கமரா விட்டுப் பார்த்து, இரைப்பையில் புண் என்றார்கள். நாரிக் குளிசைதான் புண்ணாக்கியது, இனி அதைத் தொடக்கூடாது என்று டொக்டர் கண்டித்துச் சொன்னாராம். வயிற்றில் புளி, அதாவது அமிலம், சுரப்பதைக் குறைக்கிற கப்சூல் தந்தார்கள். காலையும் மாலையும், சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்.

டொக்டர் எழுதிய மருந்துத் துண்டோடு எங்கள் கடைக்கு வந்தார். உறையில் வேளை எழுதிக் கொடுத்தது நான்தான்.

இரண்டு கிழமை கழித்து ஒரு மத்தியானம் வந்தார். மிஸ் சாப்பிடப் போயிருந்தார். அட்டையிலிருந்து ஒரு கப்சூலை எடுத்து மேசைக் கண்ணாடியில் வைத்தார்.

“தங்கச்சி, உந்தக் கோது என்னத்தாலை செய்தது?”

அது எனக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நாளுக்கு முன் மிஸ் வேறு யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருந்தேன். வாழ்க்கையில் ஒருவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது அரிது. மிஸ்ஸைக் கேளுங்கோ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“மாட்டெலும்பும் தோலும் காய்ச்சி எடுக்கிற பசையாம், அண்ணை.”

அவர் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“ரெண்டு கிழமை விழுங்கிப்போட்டன்.”

கப்சூலை அட்டையோடு சேர்த்துச் சட்டைப் பையில் போட்டார். பிறகு, “நல்ல காலம் நீர் சொன்னீர். வேறை ஆரும் சொல்லியிருக்க மாட்டினம்” என்றார். அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், மிகவும் பெருமையாக இருந்தது.

அடுத்த நாள் தலை முழுகிக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, மருந்தையும் கழற்றினார். கோதை இரண்டாகத் திருகிப் பிரித்தால் உள்ளே கசகசா போலச் சின்ன மணிகள். கோதைத் தூர எறிந்தார். மணியை அப்படியே தண்ணீரோடு விழுங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் மருந்தென்றால் கல்லில் உரைத்துத் தேனில் குழைத்து நக்குவதுதான் முறை. எல்லாரும் குழந்தையில் அப்படித்தான் மருந்து குடித்தோம். அவருடைய மனிசி அந்த மணிகளைக் குளிசை உரைக்கும் சின்னக் கல்லில் போட்டு மாவாக அரைத்து, தேன் விட்டு, வெள்ளிக் கரண்டியில் வழித்துக் கொடுத்தார். காலையும் மாலையும், சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன். கைபேசியில் மணி அடிக்க வைத்திருந்தார்கள். ஒரு நாளும் பிந்தவில்லை.

நான் கறிவேப்பிலை கேட்டுப் போன ஒரு காலையில் அதைக் கண்டேன். அவருடைய மனிசியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; அக்கா குசினி வாசலில் இருந்து அரைத்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, தேன் விட்டால் மருந்து கெடாதே?”

“தேன் நல்லதுதானே அக்கா” என்றேன்.

தேனைப் பற்றித்தான் யோசித்தேன். கல்லைப் பற்றி யோசிக்கவில்லை. அவ்வளவு பக்குவமாக மருந்து எடுக்கிற இன்னொருவர் எங்கள் ஒழுங்கையில் இல்லை என்றுதான் நினைத்தேன்.

இரண்டு மாதத்தில் எரிவு திரும்பி வந்தது. அவர் சாப்பாட்டில் குற்றம் தேடினார். முதலில் மிளகாயை விட்டார். பிறகு புளியை விட்டார். பிறகு தேத்தண்ணியை. கடைசியில் கஞ்சியும் அவித்த பூசணியும்தான். தேத்தண்ணிக் கடைக்காரர், “அண்ணை இனிக் காத்தைக் கழட்டிப் பாக்கிறதுதான் மிச்சம்” என்றார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவருடைய சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து வைக்க இடம் இருந்தது.

கிளினிக்கில் டொக்டர் கேட்டாராம், மருந்து ஒழுங்காக எடுக்கிறீர்களா என்று. “ஓம் ஐயா, ஒரு வேளையும் விடேல்லை” என்று இவர் சொல்லியிருக்கிறார். அதில் பொய் இல்லை. எப்படி எடுக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் ஒன்றும் இருப்பதாக இவருக்குத் தெரியாது.

மோட்டர் வேலை நிற்கவில்லை. நாரி நோ தாங்காமல் ஒரு நாள் எங்கள் கடைக்கு வந்து பழைய குளிசையைக் கேட்டார்.

மிஸ் கொடுக்கவில்லை. “ஐயா, உங்களுக்குப் புண் இருக்கு. அந்தக் குளிசை அதைத் திறந்துவிடும். நாரிக்கு வேறை வழி டொக்டரிட்டைக் கேளுங்கோ.”

“அதுக்குத்தானே பிள்ளை காவலுக்கு மற்ற மருந்து எடுக்கிறன்?”

“காவல் இருந்தாலும் கூடாது ஐயா.”

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே போனார். எங்கள் கடையில் இருந்து பார்த்தால் எதிர்ப்பக்கத்து மருந்துக் கடை தெரியும். அவர் ரோட்டைக் கடந்து அங்கே போனதைக் கண்டேன். திரும்பி வரும்போது சட்டைப் பை தடித்திருந்தது. மிஸ்ஸிடம் நான் சொல்லவில்லை. அவரைக் காட்டிக் கொடுப்பது போல இருந்தது.

பிறகு ஒரு நாள் ஒரு தாய் கடைக்கு வந்தார். மகனுக்கு இதே கப்சூல். விழுங்கத் தெரியாது, அரைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டார். நான் உறை எழுதிக்கொண்டிருந்தேன்.

மிஸ் சொன்னார்: “கோதைத் திறக்கலாம் அம்மா. உள்ளுக்கு இருக்கிற மணியை மட்டும் அரைக்கக்கூடாது, சப்பவும் கூடாது. ஒவ்வொரு மணிக்கும் மேலை ஒரு பூச்சு இருக்கு. வயித்துப் புளி மருந்தை அழிக்காமல் குடலுக்குக் கொண்டு போறது அந்தப் பூச்சுத்தான். அரைச்சால் மருந்து வயித்துக்குள்ளையே செத்துப்போகும். குடுத்தும் குடுக்காத மாதிரித்தான்.”

என் கையில் இருந்த பேனை நின்றுவிட்டது. எட்டு மாதமாக அக்கா அரைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பின்னேரம் சொல்ல வேண்டும் என்று பம்காரருடைய படலைக்குப் போனேன். மூன்று ஆம்பிளைகள் மோட்டரோடு நின்றார்கள். நான் நிற்காமல் போய்விட்டேன். அடுத்த நாள் போனேன். அவர் தனியாகத்தான் நின்றார். ஆனால் என்னவென்று தொடங்குவது? அரைக்கக்கூடாது என்றால் ஏன் கோதைக் கழற்றினார் என்ற கதை வரும். கோதைப் பற்றிச் சொன்னது யார் என்ற கதை வரும். “நாளைக்கு” என்று எனக்கு நானே சொன்னேன். அவர் என்னைக் கண்டு, “என்ன தங்கச்சி, வேலையாலையோ?” என்றார். “ஓம் அண்ணை” என்று சொல்லி நடந்தேன்.

அதற்கு மறுநாள் அவரே கடைக்கு வந்தார். மிஸ் சாப்பிடப் போயிருந்த நேரம். வேறு ஒருவரும் இல்லை. கடவுளே கொண்டு வந்து விட்டது போல இருந்தது. அவருடைய முகம் பழைய கடதாசி நிறத்தில் இருந்தது. நாலு படி ஏறி வந்ததற்கே மூச்சு வாங்கினார். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, ஒண்டு கேக்கோணும்.”

“நானும் ஒண்டு சொல்லோணும் அண்ணை.”

“நீர் சொல்லும்.”

“இல்லை, நீங்கள் கேளுங்கோ.”

அவர் தலையைக் குனிந்தார். “கேக்கக் கூடாத விசயம். வயித்தாலை போறது...” என்று தொடங்கினார். அந்த நேரம் பள்ளிக்கூடம் விட்டு நான்கு பெண் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார். நான் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினேன். பிள்ளைகள் ஒவ்வொரு சம்பூப் போத்தலாகத் திறந்து மணந்து பார்த்தார்கள். போகிற மாதிரித் தெரியவில்லை.

“ஒரு பிளாஸ்ரர் தாரும்” என்றார். அவர் கையில் காயம் ஒன்றும் இல்லை. கொடுத்தேன்.

“நீர் என்ன சொல்ல வந்தனீர்?”

“ஒண்டுமில்லை அண்ணை. பிறகு சொல்லுறன்.”

படியில் மெல்ல இறங்கிப் போனார். அவர் தன்னுடைய கேள்வியைக் கேட்காமல் போனது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு ஆம்பிளை வாயால் அப்படிப்பட்ட விசயத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கத் தேவையில்லை என்ற ஆறுதல்.

இரண்டாம் நாள் ஒரு வெங்காயத் தோட்டத்தில், கிணற்றுக் கட்டில், கோப்பித்தூள் போல ஒன்றைச் சத்தி எடுத்தார். பிறகு இரத்தமாகவே எடுத்தார். தோட்டக்காரர்கள் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். புண் ஓட்டையாகி ஒரு இரத்த நாளத்தைத் தின்றுவிட்டது என்றார்களாம். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

செத்தவீட்டில் அக்கா ஒப்பாரி வைக்கவில்லை. வந்தவர்களுக்கு ஒரே விசயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். “ஒரு கிழமையா வயித்தாலை தார் மாதிரிக் கறுப்பாப் போனதாம். எனக்கு நேற்று முந்தநாள்தான் சொன்னவர். கீரை தின்னுறதாலை எண்டு இருந்திட்டாராம். வெக்கம் பிடிச்ச மனிசன்.” எனக்குப் பக்கத்தில் இருந்த மிஸ் மெல்லிய குரலில், “அது இரத்தம். கண்ட அண்டைக்கே ஓடியிருக்க வேணும். என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்...” என்றார். பம்காரர் அந்த ஒரு சொல்லோடு எங்கள் கடைக்கு வந்து, பாதி சொல்லி, பிளாஸ்ரர் வாங்கிக்கொண்டு போனதை மிஸ்ஸிடமும் நான் சொல்லவில்லை.

“மருந்திலை மட்டும் குறை சொல்ல ஏலாது” என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். “ஒரு வேளை விடேல்லை. என்ரை கையாலை அரைச்சு அரைச்சுக் குடுத்தனான்.”

இதைக் கேட்ட பிறகு, சாகும் வரை வாய் திறப்பதில்லை என்று தீர்மானித்தேன். போன உயிர் வராது. அக்காவுக்கு அந்த ஒரு ஆறுதலாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அது எனக்கும் வசதியாக இருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து ஒரு மாதம் போயிருக்கும். வாழைப்பழம் கொண்டு போய்க் கொடுக்கலாம் என்று ஒரு காலை போனேன். அக்கா குசினி வாசலில் அதே இடத்தில் இருந்தார். கல்லில் வெள்ளையாக மா. பக்கத்தில் திருகிய கோதுகள்.

“எனக்கும் உவருக்கு வந்த எரிவுதான் பிள்ளை. முழங்கால் நோவுக்குக் குளிசை போட்டுப் போட்டு வந்தது. அவரின்ரை மருந்து ஆறு அட்டை கிடக்கு. எறிய மனம் வருதில்லை.”

இப்போது சொன்னால் அவரைக் கொன்றது அக்காவின் இந்தக் கைதான் என்று சொன்னதாகும். சொல்லாவிட்டால் கிணற்றடியில் அவருக்கு வந்ததுதான் இவருக்கும் வரும்.

“அக்கா, அதை அரைக்கக்கூடாது.”

“ஏன்?”

சொன்னேன். மணிக்கு மேலே இருக்கும் பூச்சைப் பற்றி, அரைத்தால் மருந்து வயிற்றுக்குள்ளேயே செத்துப்போவதைப் பற்றி. முழங்கால் குளிசையையும் மற்றவருடைய மருந்தையும் டொக்டரைக் கேட்காமல் போடக்கூடாது என்றும் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரேயடியாக அவ்வளவு கதைத்தது அன்றைக்குத்தான். அக்காவின் கை கல்லில் இருந்தபடியே இருந்தது.

“அப்ப நான் அவருக்கு...”

“கோதைப் பற்றி அவருக்குச் சொன்னது நான்தான் அக்கா.”

“தெரியும்” என்றார். “அவர் சொன்னவர். கடையிலை அந்தப் பிள்ளைதான் உண்மை சொல்லும் எண்டு.”

அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

நான்தான் அவரை அடுத்த நாள் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே எல்லாவற்றையும் சொன்னோம், கோது உட்பட. டொக்டர் முழங்கால் குளிசையை நிறுத்தி, வேறு துண்டு எழுதித் தந்தார். அங்கிருந்து நேரே எங்கள் கடைக்கு வந்து, எலும்புப் பசைக் கோது வேண்டாம் என்று மட்டும் மிஸ்ஸிடம் சொன்னோம். மிஸ் ஒரு பெட்டியை எடுத்தார். மஞ்சள் நிறத்தில் சின்னக் குளிசை. அந்தப் பெட்டியை நான் ஒவ்வொரு நாளும் தூசு தட்டியிருக்கிறேன். பெயர் வேறு என்பதால் அதே வேலைக்கான மருந்து என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

“இதுக்குக் கோது இல்லை அம்மா” என்றார் மிஸ். “எலும்புப் பசை ஒண்டும் இல்லை. ஆனால் உடைக்காமல், அரைக்காமல் முழுசா விழுங்கோணும்.”

அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உது புதுசா வந்ததோ பிள்ளை?”

“இல்லையம்மா” என்றார் மிஸ், ஒன்றும் தெரியாமல். “கன வருசமா இருக்கு.”

அக்கா மிஸ்ஸைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“எந்தத் தட்டிலை இருந்தது?”

நான் கையை நீட்டிக் காட்டினேன்.